கலாசாலைப் பந்தாட்டமும் மாற்ற விதிகளின் நடுநிலையும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் கலாசாலைப் பந்தாட்டம் என வழங்குவது நாம் ஆடும் கால்பந்தன்று. நீள்வட்ட வடிவினதாகிய பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும், பக்கத்திற்குப் பதினொருவராக நின்று எதிர்த்தாரை மோதித் தள்ளியும் முன்னேறும் வன்மையான ஆட்டம் அது. அதனைக் காணப் பல்லாயிரவர் திரள்வர். அதனால் வரும் வருவாயோ கோடிக்கணக்கானது. ஆயினும் ஆடுவோர் மாணாக்கர். அவர்க்குக் கலாசாலை அளிப்பது நெடுங்காலம் உபகாரச் சம்பளம் ஒன்றே. அம்மாணாக்கன் ஒருவன் ஒரு கலாசாலையை விட்டு மற்றொன்றிற் சேர்ந்து ஆட விரும்பின் அவனைத் தடுப்பது முறையோ, தடாது விடுவது முறையோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள். விளையாட்டுச் செய்தியாகவே இது பெரும்பாலும் பேசப்படுகிறது. யாம் இதனைக் கல்வியைச் சார்ந்த வினாவாகவே கொள்கின்றோம்.

முதற்கண், தடை தோன்றிய காரணத்தை அறிதல் வேண்டும். அதில் நியாயம் இல்லாமலில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இன்று ஒரு கலாசாலைக்கும் நாளை மற்றொன்றிற்கும் ஆடித் திரிந்த நாடோடி ஆட்டக்காரர் பலர் இருந்தனர். மேற்கு வர்ஜீனியாச் சர்வகலாசாலையிற் சட்டம் பயின்ற ஃபீல்டிங் யோஸ்ட் என்பார், 1896ஆம் ஆண்டில் லஃபயெட் கலாசாலைக்காகப் பென்சில்வேனியாச் சர்வகலாசாலையை எதிர்த்து ஆடினார், லஃபயெட் வென்றது, அவர் தம் பழைய இடத்திற்கே மீண்டார். இவரே பின்னர் மிச்சிகன் சர்வகலாசாலையின் புகழ்பெற்ற பயிற்சியாசிரியரானார் என்பது வியப்பு. 1905ஆம் ஆண்டில் ஆட்டக்களத்தில் இளைஞர் பலர் உயிரிழக்கவே, குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் முன்னணிக் கலாசாலையாரை அழைத்து ஆட்டத்தைச் சீர்திருத்தும்படி வற்புறுத்தினார். அதனைத் தொடர்ந்து 1906இல் தோன்றியதே இன்று தேசியக் கலாசாலை விளையாட்டுச் சங்கம் எனப்படுவது. மாறி வந்தவன் ஓராண்டு அங்கிருந்து பயின்ற பின்னரே ஆடலாம் என்னும் கொள்கை இச்சூழலில் வேரூன்றியது. பெயருக்கு மட்டும் மாணாக்கராய் இருப்போரை உண்மை மாணாக்கரினின்று பிரித்தறியும் சல்லடையாக அது அமைந்தது.

காலஞ் செல்லச் செல்லச் சல்லடை சங்கிலியாயிற்று. பந்தாட்டம், கூடைப்பந்து, பேஸ்பால், ஆடவர் பனிக்கட்டி ஹாக்கி ஆகியவற்றை ஆடுவோர் மாறினால் ஓராண்டு காத்திருத்தல் வேண்டும். நீந்துவோரும் ஓடுவோரும் டென்னிஸ் ஆடுவோரும் ஒருமுறை தடையின்றி மாறலாம் என்று விதி வகுக்கப்பட்டிருந்தது. புதிய இடத்திற் படிப்பு நிலைபெறுதற்கே காத்திருப்பு எனச் சங்கத்தார் விளக்கம் கூறினர். நீந்துவோனுக்குப் படிப்பு நிலைபெற வேண்டாவோ? காத்திருக்கச் செய்த ஆட்டங்களுட் பெரும்பணம் ஈட்டும் பந்தாட்டமும் கூடைப்பந்தும் தலைமை பெற்றிருந்தன என்பதை நோக்குவார்க்கு உண்மைக் காரணம் தெற்றென விளங்கும்.

பேக்கர் மேஃபீல்டு என்பவரின் செய்தி இதற்குத் தக்க சான்று. இவர் 2013இல் டெக்ஸாஸ் டெக் சர்வகலாசாலையில் உபகாரச் சம்பளமின்றிச் சேர்ந்து ஆடினார். 2014இல் ஒக்லஹோமாவுக்கு மாறினார். விட்டு வந்த கலாசாலை இவர்க்கு ஆட்டத்திற்கென ஒரு காசும் அளித்ததில்லை. எனினும் ஓராண்டு வெளியே உட்கார்ந்ததோடு, ஆடுதற்குரிய நான்கு பருவங்களுள் ஒன்றையும் இழக்கும்படி அவ்விரு கலாசாலைகளையும் உட்கொண்ட 'பிக் 12' குழுவின் விதி இவரைப் பணித்தது. 2016 ஜூனில் அக்குழுவினர் முதலில் மறுத்து, மறுநாளே மனம் மாறி, சம்பளம் பெறாதவர்க்கு அப்பருவத்தைத் திருப்பியளித்தனர். அங்ஙனம் மீண்ட 2017ஆம் ஆண்டுப் பருவத்தில்தான் கலாசாலைப் பந்தாட்டத்தின் தலையாய ஹைஸ்மன் பரிசு இவரை அடைந்தது. புகழ்பெற்றவராதலின் இவர் செய்தி வெளிப்பட்டது. பெயரறியப்படாதார் இழந்த பருவங்களை எவர் கணக்கிட்டார்?

இனிப் பயிற்சியாசிரியர் நிலையைக் காண்போம். 2021 நவம்பரில் ஒக்லஹோமாவின் பயிற்சியாசிரியர் லிங்கன் ரைலி, ஒப்பந்தக் காலம் முடியாதிருக்கவே, தெற்குக் கலிபோர்னியாச் சர்வகலாசாலைக்குச் சென்றார். அவரை ஓராண்டு காத்திருக்குமாறு கூறும் விதி எங்குமில்லை. அவரை நம்பி வந்த மாணாக்கர் பழைய விதிப்படி இருந்த இடத்திலேயே இருத்தல் வேண்டும். அன்றேல் ஓராண்டை இழத்தல் வேண்டும். அவ்வாண்டு ஏப்ரலில் விதி தளர்ந்துவிட்டமையால், கேலப் வில்லியம்ஸ் என்னும் மாணாக்கர் அவரைத் தொடர்ந்து சென்று 2022இல் ஹைஸ்மன் பரிசு பெற்றார். மற்றுமொன்று: 1973 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உபகாரச் சம்பளம் ஓராண்டிற்கு மட்டுமே அளிக்கப்பட்டது, புதுப்பிப்பது கலாசாலையின் விருப்பம், 2012இல்தான் பல்லாண்டுச் சம்பளம் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆகவே கலாசாலை மாணாக்கனை ஆண்டுதோறும் கைவிடலாம். மாணாக்கன் கலாசாலையைக் கைவிட்டாலோ தண்டம். லாபானிடம் ஊழியஞ் செய்த யாக்கோபின் கூலி பத்துமுறை மாற்றப்பட்டதைத் திருமறையிற் படிக்கிறோம். யாக்கோபுக்காவது சொல்லாமற் புறப்படும் வழி இருந்தது.

இக்கட்டு தளர்ந்த வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். முன்னர், பழைய கலாசாலை இசைவளித்தாலன்றிப் புதிய கலாசாலை அவனோடு பேசவும் சம்பளம் அளிக்கவும் இயலாது. 2018 அக்டோபரில் 'போர்ட்டல்' என்னும் பொதுப் பதிவேடு ஏற்பட்டது. இசைவு கேட்டல் ஒழிந்து அறிவித்தலே போதியதாயிற்று. 2021 ஏப்ரலில் எல்லா ஆட்டத்தாரும் ஒருமுறை காத்திராது மாறலாம் என்றாயிற்று. இரண்டாம் முறைக்குச் சங்கத்தின் தனி அனுமதி வேண்டியிருந்தது. வட கரோலினாச் சர்வகலாசாலைக்கு வந்த டெவான்டெஸ் வாக்கர் என்பவர்க்கு அவ்வனுமதி மறுக்கப்பட்டது. அவர் முதலிற் பயின்ற கலாசாலை 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோயால் ஆட்டத்தையே நிறுத்திவிட்டமையால், அங்கு அவர் ஓர் ஆட்டமும் ஆடியிலர்! பெருங்கூக்குரல் எழுந்த பின்னர் 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. அவ்வாண்டு டிசம்பரில், ஏழு மாநிலங்கள் தொடுத்த வழக்கில், மேற்கு வர்ஜீனியாவிலுள்ள கூட்டரசு நீதிமன்றம் காத்திருப்பு விதியைத் தடுத்து நிறுத்தியது. 2024 ஏப்ரலிற் சங்கமே விதியை மாற்றிற்று: படிப்பிற் குறையில்லாதவன் எத்தனைமுறை மாறினும் உடனே ஆடலாம்.

இத்துடன் நியாயம் நிறைவேறியது எனக் கூறுவார் உளர். யாம் அங்ஙனம் கூறத் துணியோம்.

2021 ஜூலை முதல் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்திற்கு அளித்து மாணாக்கர் பணம் பெறலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்படிக்கையின்படி 2025-26ஆம் ஆண்டிற் கலாசாலை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை தன் ஆட்டக்காரர்க்கு நேரே பகிர்ந்தளிக்கலாம் என்றாயிற்று. மிகுதியாகத் தருவாரிடம் செல்லும் இளைஞனை வசைபாடுவோர், பயிற்சியாசிரியர் அதனையே செய்தகாலை வாய் திறந்திலர். ஆதலின் அவர் உரையை யாம் பொருட்படுத்தவில்லை. எம் கவலை வேறு. அதே உடன்படிக்கை பந்தாட்டக் குழுவிற்கு 105 பேர் என எல்லை வகுத்தது. ஒருவன் நுழைய ஒருவன் வெளியேறல் வேண்டும். போர்ட்டலிற் பெயர் எழுதியவனுடைய உபகாரச் சம்பளத்தை அப்பருவ முடிவிற் கலாசாலை நிறுத்திக்கொள்ளலாம்; வேறிடம் கிடைக்கும் என்னும் உறுதியோ இல்லை. பத்திரிகைகள் பரிசு பெற்றவனைப் பாடுகின்றன. இரண்டுக்கும் இடையே நின்றவனைப் பாடுவார் இலர்.

2022 ஆகஸ்டிற் சங்கம் நல்லதொரு விதி செய்தது: மாறி வருவோனை ஏற்கும் கலாசாலை, அவன் பட்டம் பெறும் வரையிலோ ஆடுதற்குரிய ஐந்தாண்டு முடியும் வரையிலோ, எது முந்துமோ அதுவரை, அவனுக்கு உதவிப்பணம் அளித்தல் வேண்டும். ஆனால் அவன் மீண்டும் மாறினால் அக்கடமை ஒழியும். இங்குதான் இலக்கணம் பயில்வோராகிய எமக்கு ஓர் ஐயம் எழுகின்றது. விலகினான் என்பது தன்வினை. விலக்கினர் என்பது பிறவினை. போர்ட்டலிலோ எல்லாம் தன்வினையாகவே பதிவாகின்றன. 'அடுத்த ஆண்டு உனக்கு ஆட இடமிராது' எனப் பயிற்சியாசிரியர் அறையிற் கூறிய ஒரு சொல்லால் வெளியேறியவனும், பணத்தை நாடிச் சென்றவனும், தாயின் நோயால் ஊர் திரும்பியவனும் அப்பதிவில் ஒருவரே. வினைமுதல் இன்னாரெனத் தெரியாத வாக்கியத்தைக் கொண்டு கடமையைத் தள்ளுபடி செய்வது நடுநிலையாகாது.

படிப்பின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. இரண்டாம் ஆண்டு முடிவிற் பட்டத்திற்குரிய பாடங்களில் நூற்றுக்கு 40 பங்கும், மூன்றாம் ஆண்டில் 60 பங்கும், நான்காம் ஆண்டில் 80 பங்கும் முடித்திருத்தல் வேண்டும் என 2003ஆம் ஆண்டிற் சேர்ந்தோர் முதலாகச் சங்கம் வரையறுத்தது. ஆயினும் ஒரு கலாசாலையிற் கற்ற பாடம் மற்றொன்றின் பட்டத்திற்கு ஏற்கப்படுமா என்பதை ஏற்கும் கலாசாலையே முடிவு செய்யும். பொறியியல் பயின்றவன், தன் பாடங்கள் பெரும்பாலும் கணக்கிற் கொள்ளப்படும் எளிய துறையொன்றிற்குத் தள்ளப்படலாம். ஆட்டம் தொடரும், அவன் கற்க வந்தது நின்றுவிடும். நான்கு ஆண்டில் மூன்று கலாசாலை கண்டவன், பந்தாட்டம் முடிந்த நாளில், எப்பட்டத்திற்கும் போதாத பாடக்குறிப்புகளோடு நிற்பதும் நிகழக்கூடியதே. தொழிலாட்டக் குழுக்களிற் சேர்வார் மிகச் சிலர் என்பதையும் இங்கு நினைத்தல் வேண்டும்.

ஆகவே பழைய காத்திருப்பு மீள வேண்டுமென யாம் கூறவில்லை. அது எளியோனைக் கட்டி வலியோனை அவிழ்த்துவிட்டது. வேண்டுவன வேறு. ஏற்க விழையும் கலாசாலை, மாணாக்கன் கையெழுத்திடுமுன், அவனுடைய பாடங்களுள் எத்தனையை எப்பட்டத்திற்கு ஏற்கும் என்பதை எழுத்தில் அளித்தல் வேண்டும். வெளியேறுவோன் தன் காரணத்தைத் தானே பதிவு செய்யவும், பயிற்சியாசிரியரின் சொல்லால் வெளியேறினானாயின் பழைய கலாசாலையின் சம்பளம் அவன் பட்டம் பெறும்வரை தொடரவும் விதி வேண்டும். கலாசாலைகளுக்குச் செலவு மிகும் என்பர். பயிற்சியாசிரியரை நீக்குங்கால், அவர் ஆற்றாத ஆண்டுகளுக்கும் பல லட்சம் டாலர் எண்ணித் தந்த கலாசாலைகள் அவை.