எலகங்காவில் ஒரு பெயர்ப்பலகை



பெங்களூர் எலகங்கா பக்கம் போகும்போது மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணன் சாலை என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பாய். அதே ஊரில் வளர்ந்த அந்தக் கமாண்டோ அதிகாரி, 2008 நவம்பர் 28 அன்று மும்பை தாஜ் ஹோட்டலில் பயங்கரவாதிகளுடன் நடந்த மோதலில் உயிர்விட்டார். தாஜ் கதை ஊருக்கே தெரியும். அதே தாக்குதலில் சிக்கிய இன்னொரு கட்டடத்தைப் பற்றியது இந்தக் கடிதம்.

கொலாபாவில் ஒரு குறுகிய சந்துக்குள் இருக்கிறது நரிமன் இல்லம். யூத மதகுரு கேவ்ரியல் ஹோல்ட்ஸ்பர்க்கும் மனைவி ரிவ்காவும் அங்கே தொழுகைக்கூடம் நடத்தினார்கள். ஊருக்குப் புதிதாக வரும் யூதப் பயணிகளுக்குச் சோறு போட்டு, தங்கவும் இடம் தந்தார்கள். ரயில் நிலையம், நட்சத்திர ஹோட்டல் என்று கூட்டம் கூடும் இடங்களைக் குறிவைத்த பயங்கரவாத அமைப்பான லஷ்கர்-ஏ-தொய்பா, வழி விசாரித்துப் போகவேண்டிய இந்தக் கட்டடத்தையும் முன்கூட்டியே வேவு பார்த்திருந்தது. காரணம் ஒன்றுதான்: உள்ளே இருப்பவர்கள் யூதர்கள். மதகுருவும் மனைவியும் உட்பட ஆறு பேர் அங்கே கொல்லப்பட்டார்கள்.

தாக்குதல் தொடங்கிய மறுநாள் காலை. கீழே ஓர் அறையில் ஒளிந்திருந்த ஆயா சாண்ட்ரா சாமுவேலின் காதில் குழந்தையின் அழுகை விழுந்தது. துப்பாக்கிக்காரர்கள் இன்னும் உள்ளேதான். அவர் வாசல் பக்கம் ஓடவில்லை, மாடி ஏறினார். அசைவற்றுக் கிடந்த பெற்றோர் பக்கத்தில், உடையில் ரத்தக்கறையோடு நின்றான் மதகுருவின் மகன் மோஷே. இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. அவனை அள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார்.

நகரம் என்ன செய்தது தெரியுமா? சுட்டுக்கொல்லப்பட்ட ஒன்பது பயங்கரவாதிகளின் உடல்களுக்குத் தங்கள் கபரஸ்தானில் இடமில்லை என்று மும்பையின் முஸ்லிம் அறக்கட்டளை மறுத்துவிட்டது. ஓராண்டுக்கு மேல் பிணவறையில் கிடந்த உடல்களை, 2010 ஜனவரியில் அரசே ரகசியமாகப் புதைத்தது.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கிலும் முஸ்லிம்கள் இப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் நின்றார்கள். 2018 அக்டோபர் 27 அன்று ட்ரீ ஆஃப் லைஃப் யூத ஆலயத்தில் ஒருவன் 11 பேரைச் சுட்டுக்கொன்றான். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்காக அமெரிக்க முஸ்லிம்கள் 2 லட்சம் டாலருக்கு மேல் திரட்டித் தந்தார்கள்.

நரிமன் இல்லம் 2014இல் மறுபடி திறக்கப்பட்டது. இஸ்ரேலில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்த மோஷே, 2018 ஜனவரியில், பதினோரு வயதுப் பையனாக அங்கே வந்து போனான்.

அடுத்தமுறை அந்த எலகங்கா பலகையைக் கடக்கும்போது, கூட வரும் நண்பர்களுக்குச் சந்தீப்பின் கதையோடு சாண்ட்ராவின் கதையையும் சொல்.