தொலைநோக்கியைத் துடைக்கும் முறை

தொலைவில் உள்ள பொருளை அருகில் உள்ளது போலக் காட்டும் கருவி தொலைநோக்கி. இரு கண்களாலும் ஒருங்கே நோக்குதற்கு ஏற்றவாறு இரு குழல்களை இணைத்துச் செய்யப்பெற்றதனை இருகண் நோக்கி என்பர். பைனாகுலர் என்று பலரும் வழங்குவது இதனையே. பறவைகளை ஆராய்வோரும், கடலிற் கலம் செலுத்துவோரும், இரவு வானத்தைக் கண்டு மகிழ்வோரும் இதனைத் தம் கண்ணே போலப் போற்றுவர். இக்கருவியின் உயிர் அதன் கண்ணாடி வில்லைகளில் உள்ளது. அவ்வில்லைகளைத் தூய்மை செய்யும் முறையை இப்பாடத்திற் காண்போம். துடைப்பதற்கும் ஒரு பாடம் வேண்டுமோ என்று நீங்கள் எண்ணக்கூடும். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணினேன். அதனால் நேர்ந்த இழப்பை முதலிற் கூறுகின்றேன்.

நான் கல்லூரியிற் பயின்ற நாளில் ஒரு முறை கோடியக்கரைக்குச் சென்றிருந்தேன். வேதாரணியத்து உப்பளங்களை அடுத்த அச்சதுப்பு நிலங்களுக்குக் குளிர்காலத்திற் பூநாரைகள் திரளாக வரும். அவற்றைக் காண்பதற்கென்று என் ஆசிரியர் தம் இருகண் நோக்கியை எனக்கு இரவலாகத் தந்திருந்தார். அவர் இருபது ஆண்டுகளாகப் பேணி வந்த கருவி அது. நண்பகலுக்குள் கடற்காற்று அதன் வில்லைகளில் உப்பையும் நுண்மணலையும் படியச் செய்தது. காட்சி சற்றே மங்கியது. நான் சிறிதும் எண்ணாமல், தோளிற் கிடந்த துண்டின் முனையால் வில்லைகளை அழுத்தித் துடைத்தேன். அழுக்கு நீங்கிற்று என்று மகிழ்ந்தேன். மாலையில் வெயில் வில்லைகளின்மீது சாய்வாகப் பட்டபொழுதுதான், சிலந்தி நூல் போன்ற கீறல்கள் அவற்றில் நிறைந்திருக்கக் கண்டேன்.

கருவியைத் திருப்பிக் கொடுக்கும்பொழுது நடந்ததை மறையாது கூறினேன். ஆசிரியர் அதனை விளக்கொளியிற் சாய்த்துப் பார்த்தார். அவர் முகம் வாடியது, ஆயினும் சினந்தாரில்லை. “தம்பி, உப்பும் மணலும் வில்லையின்மேல் வெறுமனே கிடந்தன. அவற்றால் தீங்கு ஒன்றும் நேரவில்லை. நீ துடைத்ததனாலேயே தீங்கு நேர்ந்தது. இங்கே உட்கார்; துடைக்கும் முறையைச் சொல்கின்றேன்” என்றார். அன்று அவரிடம் கற்றவற்றோடு, பின்னர் நான் அறிந்தவற்றையும் சேர்த்து உங்களுக்குக் கூறுகின்றேன்.

மணலாற் கண்ணாடி கீறப்படுவது ஏன்? பிரீடரிக் மோசு என்னும் செர்மானிய அறிஞர் 1812ஆம் ஆண்டிற் கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினார். இவ்வரிசையில் வைரம் 10ஆம் இடத்தில் நிற்பது. கண்ணாடி ஏறத்தாழ 5½ என்னும் அளவினது. மணலிற் பெரும்பகுதியாக உள்ள குவார்ட்சு என்னும் படிகமோ 7ஆம் இடத்தினது. கடினமான பொருள் மென்மையான பொருளைக் கீறும். ஆகவே, மணல் படிந்த வில்லையைத் துணியால் அழுத்தித் தேய்ப்பது, உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதனை ஒக்கும். துணி எவ்வளவு மென்மையானதாயினும், அதனடியில் அகப்பட்ட மணல் மென்மையடைவதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. வெறுங்கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேற் படும் ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்கு 4 பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். இருகண் நோக்கியின் ஒவ்வொரு குழலிலும் வில்லைகளும் முப்பட்டகங்களும் பல உள்ளன. ஒளி 10 பரப்புகளைக் கடப்பதாகக் கொண்டால், மூன்றில் ஒரு பங்கு இவ்வாறே வீணாகும். இவ்விழப்பைத் தடுக்கும் மேற்பூச்சு ஒன்றினை, செர்மனியின் யேனா நகரத்துச் சைசு நிறுவனத்திற் பணியாற்றிய சுமக்குலா என்னும் அறிஞர் 1935ஆம் ஆண்டில் உருவாக்கினார். மக்னீசியம் புளோரைடு போன்ற பொருளை வெற்றிடத்தில் ஆவியாக்கிக் கண்ணாடியின்மீது படியச் செய்வர். ஒரு மில்லிமீட்டரைப் பதினாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே அப்படலத்தின் தடிப்பு. உயர்ந்த கருவிகளில் இத்தகைய படலங்கள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசுவர். வில்லையிற் காணப்படும் நீலமும் பசுமையுமான சாயல் இதனால் வருவதே. முரட்டுத்தனமாகத் தேய்ப்போர் தேய்த்து அழிப்பது இப்பூச்சினையே.

வானாய்வு நிலையங்களில் உள்ள பெரிய தொலைநோக்கிகளுக்கு இதற்கொரு மாற்று உண்டு. வேலூரை அடுத்த சவ்வாது மலைப்பகுதியில், காவலூரில் 1986ஆம் ஆண்டு முதல் இயங்கும் தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் குறுக்களவு உடையது. இத்தகைய ஆடிகளின் அலுமினியப் பூச்சு மங்கும்பொழுது, அதனை நீக்கிவிட்டுப் புதிதாகப் பூசிக்கொள்வர். நம் கைக்கருவியின் வில்லைக்கு அவ்வாறு செய்வது எளிதன்று. அதற்காகும் செலவில் வேறொரு கருவியே வாங்கிவிடலாம்.

ஆகவே, முதல் விதி இது: தேவையின்றித் துடைத்தல் ஆகாது. பொருளருகு வில்லையில் இரண்டொரு துகள்கள் இருப்பினும் அவை காட்சியிற் புலப்படா. உருவம் அவ்வில்லை முழுவதன் வழியாகவும் வரும் ஒளியால் அமைவது. ஆனால், கீறல்கள் ஒளியைச் சிதறடித்துக் காட்சி முழுவதையும் மங்கச் செய்யும். எனவே, காட்சி உண்மையிலேயே மங்கியபொழுது மட்டும் தூய்மை செய்தல் வேண்டும்.

இரண்டாம் விதி, தொடுவதற்கு முன் ஊதுதல். வில்லை கீழ்நோக்கி இருக்குமாறு கருவியைப் பிடித்துக்கொண்டு, ரப்பர்க் குமிழ் ஊதியால் காற்றைச் செலுத்துக. வாயால் ஊதுதல் ஆகாது, எச்சில் தெறிக்கும். அதன்பின் எஞ்சிய துகள்களை மென்மயிர்த் தூரிகையால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி மெல்ல ஒதுக்குக. தூரிகையின் மயிரை விரலால் தொடலாகாது. விரலின் எண்ணெய்ப் பசை அதிற் சேர்ந்து வில்லையிலும் படியும்.

துகள்கள் முற்றும் நீங்கிய பின்னரே துணியை எடுத்தல் வேண்டும். இது மூன்றாம் விதி. விரற்பதிவு, இமையின் பசை ஆகியவற்றை நீக்க, வில்லைகளுக்கென்று விற்கப்பெறும் தூய்மை நீர்மத்தைப் பயன்படுத்துக. அதனை வில்லையின்மேல் நேராக விடாமல், நுண்ணிழைத் துணியிலோ வில்லைத் தாளிலோ ஓரிரு துளிகள் விடுக. மிகுதியாக விட்டால் விளிம்பின் வழியே உள்ளே கசியும். நடுவிலிருந்து வெளிப்புறமாக வட்டமாக, அழுத்தாமல் துடைத்துவருக. ஒரு முறை துடைத்த பகுதியை விலக்கித் துணியின் புதிய பகுதியைக் கொள்ளுக. சாளரக் கண்ணாடிக்குரிய அம்மோனியா கலந்த நீர்மமும், வண்ணப்பூச்சைக் கரைக்கும் அசிட்டோனும் ஆகா. சட்டை, துண்டு, முந்தானை ஆகியவற்றை அருகிலும் கொண்டுவரலாகாது. துடைக்கும் துணியையும் அவ்வப்போது துவைத்து, தூசி படாதவாறு மூடிய உறையில் வைத்தல் வேண்டும்.

கடற்கரையில் உப்புப் படிந்தால் என்ன செய்வது? உப்பு நீரிற் கரையும் பொருள். ஆதலின், காய்ச்சி வடித்த நீரில் நனைத்த தாளை அதன்மேல் மெல்லப் படியவைத்து எடுத்தால், தேய்க்காமலே அதனை நீக்கலாம். சில கருவிகள் நீர் புகாதவாறு அடைக்கப்பெற்று, உள்ளே நைட்ரசன் வளி நிரப்பப்பெற்றவை. அவற்றை மெல்லென ஒழுகும் நன்னீரிலேயே அலசலாம். மற்றவற்றுக்கு இம்முறை பொருந்தாது.

நம் நாட்டில் மழைக்காலத்து ஈரமும் வில்லைக்குப் பகையாகும். காற்றோட்டமில்லாத தோலுறையிற் கருவியைப் பல திங்கள் வைத்திருந்தால், வில்லையிற் பூஞ்சணம் படரும். அது சுரக்கும் அமிலம் கண்ணாடியையே அரித்துவிடும். ஆகவே, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா செல் பொதியுடன், இறுக மூடிய பெட்டியில் வைத்தல் நன்று. உள்ளே அழுக்கு இருப்பதாகத் தோன்றினும், திருகாணிகளைக் கழற்றிப் பார்த்தல் கூடாது. முப்பட்டகம் சிறிது நகர்ந்தாலும், ஒரு பொருள் இரண்டாகத் தோன்றும். அது தேர்ந்த கைவினைஞர் செய்தற்குரிய பணி.

என் ஆசிரியரின் அக்கருவி இப்பொழுது என்னிடம் உள்ளது. பிற்காலத்தில் அவரே அதனை எனக்கு அளித்தார். பகலிற் பறவைகளை நன்றாகவே காட்டும். ஒளி எதிரே இருந்தால் மட்டும் வெண்புகை படர்ந்தாற் போல மங்கும். அந்தக் கீறல்களை நீக்க இன்று வரை ஒரு வழியும் இல்லை. அதனை இரவலாகக் கேட்டு வரும் மாணவருக்கு நான் மறுப்பதில்லை. ஆனால், கருவியோடு ரப்பர் ஊதியையும் சேர்த்தே கொடுக்கின்றேன். வில்லையின் கீறல்களையும் அவர்களுக்குக் காட்டுகின்றேன். நல்லது செய்யும் விருப்பம் மட்டும் போதாது. செய்யும் முறையையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதனை, என் சொல்லினும் அக்கீறல்கள் தெளிவாக அவர்களுக்கு உணர்த்துகின்றன.