16 வயதில் விபத்து, 23 வயதில் வேதனை: இனி வழக்குப் போடலாமா?

கேள்வி: 2018 டிசம்பர் பள்ளி விடுமுறையில், நண்பனின் மாமா தம் ஃபோர்வீலில் எங்களைக் கோப்பேங் பக்கம் ஆற்றுக்குக் கூட்டிப்போனார். முன்பு பால்மரத் தோட்டம், இப்போது செம்பனை. மழையில் செம்மண் பாதை வழுக்கி வண்டி கானுக்குள் கவிழ்ந்தது. பின்னால் பக்கவாட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு இடுப்பு மூட்டு நழுவியது. ஈப்போ அரசாங்க ஆஸ்பத்திரியில் சரிசெய்தார்கள். மாமா 3,000 வெள்ளி கொடுத்தார். அப்பா ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். போலீஸ் ரிப்போர்ட் செய்யவில்லை. இப்போது அரை மணி நேரம்கூட நின்று வேலை செய்ய முடியவில்லை. ரத்த ஓட்டம் குறைந்து தொடை எலும்பின் தலை சிதைந்திருக்கிறது, மூட்டு மாற்ற வேண்டிவரும் என்கிறார் டாக்டர். வரும் நவம்பரில் எனக்கு 24 வயதாகிறது. ஆறு வருடம் தாண்டியதால் வழி இல்லை என்கிறார்களே, உண்மையா?
பெயர் வேண்டாம், ஈப்போ

பதில்: உங்கள் வழக்கைத் தீர்மானிக்கப்போவது வலி தொடங்கிய நாள் அல்ல, உங்கள் பிறந்தநாள்.

1953ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டப்படி, கவனக்குறைவால் ஏற்பட்ட காயத்துக்கு ஆறு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். பாதிப்பு பிறகுதான் தெரிந்தது என்ற வாதம் உதவாது. 2019 செப்டம்பரில் நடப்புக்கு வந்த 6ஏ பிரிவு தாமதமாகத் தெரியவரும் சேதத்துக்குக் கூடுதல் காலம் தருகிறது; ஆனால் உடற்காயத்தை அது வெளிப்படையாகவே விலக்கிவைக்கிறது. பெரியவர் ஒருவருக்கு இதே விபத்து நடந்திருந்தால் 2024 டிசம்பரோடு கதவு மூடியிருக்கும்.

நீங்கள் அன்று சிறுவர். அதனால் 24ஆவது பிரிவுப்படி, 18 வயது நிறைந்த நாளிலிருந்துதான் ஆறு ஆண்டு எண்ணப்படும். அதாவது 24 வயது நிறைவதற்குள் வழக்கு நீதிமன்றத்தில் பதிவாகியிருக்க வேண்டும். வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதோ, காப்புறுதி நிறுவனத்தோடு பேசிக்கொண்டிருந்ததோ கணக்கில் வராது.

இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 18 வயதுக்குப் பிறகு இத்தனை ஆண்டு என்ன செய்தீர்கள்? சாலை விபத்துக்கு 24 மணி நேரத்துக்குள் ரிப்போர்ட் செய்ய வேண்டும் என்பது வாகனமோட்டிக்குத் தெரியாதா? தெரிந்தவர், நல்லவர், மாமா என்று காகிதம் இல்லாமல் விட்டுவிடுகிறோம். நீதிமன்றம் கேட்பது காகிதத்தைத்தான். அன்று வண்டி எண்ணையாவது யாராவது எழுதிவைத்தார்களா? பிள்ளைக்கு அடிபட்டால் ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்துவையுங்கள் என்று பெற்றோரை மன்றாடிக் கேட்கிறேன்.

இந்த வாரமே செய்யவேண்டியவை: தாமதத்துக்கான காரணத்தை உள்ளபடி சொல்லி ரிப்போர்ட் செய்யுங்கள், தேதியை மாற்றிச் சொல்லாதீர்கள். ஆஸ்பத்திரியில் பழைய மருத்துவ அறிக்கைக்கும் எக்ஸ்ரேவுக்கும் விண்ணப்பியுங்கள். அன்றைய காயத்துக்கும் இன்றைய சிதைவுக்கும் உள்ள தொடர்பை எலும்பு நிபுணர் எழுத்தில் தரவேண்டும். இழப்பீடு ஒரே தடவைதான் கிடைக்கும். மூட்டு மாற்றும் செலவை இப்போது கேட்காவிட்டால் பிறகு கேட்க முடியாது.

அப்பாவின் கையெழுத்தைக் கண்டு மனம் தளர வேண்டாம். சிறுவர் பெயரில் செய்யும் சமரசத்தை, நீதிமன்ற ஒப்புதல் இல்லாதபோது, கேள்விக்கு உட்படுத்த இடமுண்டு. அந்தக் காகிதத்தின் நகல் அவசியம் வேண்டும். வாங்கிய 3,000 வெள்ளியையும் மறைக்காதீர்கள்.

காப்புறுதியை நம்பியிருக்கவும் வேண்டாம். இலவசமாக ஏற்றிச்செல்லும் பயணிக்குச் சட்டப்படி கட்டாயக் காப்பு இல்லை. மாமாவின் வண்டிப் பாலிசியில் பயணிகளுக்கான பொறுப்புத் தனியாக வாங்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். பொதுமக்கள் போய்வராத தோட்டப் பாதை ‘சாலை’ ஆகுமா என்ற வாதமும் எழும். காப்பு இல்லையென்றால் தீர்ப்புப் பணத்தை மாமாவிடமே வசூலிக்க வேண்டியிருக்கும். இருக்கை வாரைக் கட்டவில்லை என்று உங்கள்மீதும் ஒரு பங்குப் பழி வரலாம்.

விபத்து வழக்குகளை, தொகை எவ்வளவானாலும், செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிக்கும். கிடைப்பதில் பாதி என்று பேரம் பேசும் ‘ரன்னர்’ எனும் வழக்குத் தரகர்களிடம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வசதி இல்லையென்றால் பேராக் வழக்கறிஞர்களின் சட்ட உதவி மையத்தில் விசாரியுங்கள்.

இது உங்கள் கடிதத்தை மட்டும் வைத்துச் சொன்ன பொதுக் கருத்து. ஐசி, பிறப்புப் பத்திரம், கையில் உள்ள அத்தனை காகிதங்களோடு விபத்து வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவரை நேரில் பாருங்கள். உள்ளே போனதும் வலியைச் சொல்வதற்கு முன் பிறந்த தேதியைச் சொல்லுங்கள்.