துப்பாக்கியைத் திருப்பி அனுப்பிய திசாவை

கேள்வி: ஊவாக் கிளர்ச்சியை அடக்கப் போனவரே கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்துவிட்டாராமே, உண்மையா?
– பசறைத் தோட்ட வாசகர்

பதில்: உண்மைதான். 1817இல் பதுளையிலிருந்து வெல்லஸ்ஸவுக்குப் போன ஆங்கில அதிகாரி வில்சன் அங்கே கொல்லப்பட்டார். கலகத்தை ஒடுக்க அனுப்பப்பட்டவர் ஊவாவின் திசாவை (மாகாணத் தலைவர்) கெப்பெட்டிபொல. போன இடத்தில் அவர் கிளர்ச்சிக்காரர் பக்கம் மாறினார். வெள்ளையர் கொடுத்த துப்பாக்கிகளை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டாராம். கடன் வைக்காத எதிரி!

தேசாதிபதி பிரவுன்றிக் இந்தியாவிலிருந்தும் படை வரவழைத்து, வயலையும் வீட்டையும் எரித்துத்தான் வென்றார். 1818 நவம்பர் 26இல் கண்டியில் கெப்பெட்டிபொலவின் தலை வெட்டப்பட்டது. எடின்பரோவுக்குக் கொண்டுபோன மண்டையோடு 1954இல்தான் திரும்பியது.