மனுவோடு நின்றுவிடாதே

அன்புள்ள தங்கைக்கு,

ஆடிக் கிருத்திகை முடிந்தபின் உங்கள் தெருவில் தேங்கிய குப்பைக்காகவும் அடைத்துக்கொண்ட சாக்கடைக்காகவும் உங்கள் மன்றம் நகராட்சியில் மனு கொடுத்ததாகவும், பதிலே வரவில்லை என்றும் எழுதியிருந்தாய். எங்களைப் போன்ற சங்கங்களால் மனு கொடுப்பதைத் தவிர வேறென்ன முடியும் என்றும் கேட்டிருந்தாய். நிறைய முடியும். அதற்குச் சான்று தேடி நீ வெளியூர் போக வேண்டியதில்லை. உன் ஊரான திருத்தணி இன்று தமிழ்நாட்டில் இருப்பதில் சங்கங்களின் உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானபோது, சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து திருத்தணியும் அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் நடத்திய வட எல்லைப் போராட்டத்தைப் பற்றிப் படித்திருப்பாய். மறியல், சிறை என்றுதான் அந்தக் கதையைச் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிதாகப் படுவது, போராட்டத்துக்கு முன்பே தொடங்கிவிட்ட வேலை. மங்கலங்கிழார் என்ற தமிழாசிரியர் எல்லையோர ஊர்களில் சங்கம் அமைத்து, தமிழ் சொல்லிக்கொடுத்து, ஆட்களைத் திரட்டிவந்தார். 1953-லேயே அவர் மறைந்துவிட்டார். திருத்தணி வழக்கறிஞர் கே. விநாயகம் போன்றோர் உள்ளூரில் நின்று தொடர்ந்தார்கள். பின்னர் எல்லையைத் தீர்த்துவைக்க வந்த பட்டாஸ்கர் கிராமத்தையே அளவுகோலாகக் கொண்டார். இந்தக் கிராமத்தில் பெரும்பாலோர் பேசும் மொழி எது, இது எந்தப் பக்கத்தோடு நிலத் தொடர்ச்சி கொண்டது என்று ஊர் ஊராகப் பார்க்கப்பட்டது. ஊர் ஊராக முன்பே வேலை செய்திருந்தவர்களின் பலம் அங்கேதான் தெரிந்தது என்பது என் எண்ணம். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. திருப்பதி கிடைக்கவில்லை.

அது மாநில எல்லை, இது தெருச் சாக்கடை என்று நினைக்காதே. முடிவு எந்த அளவில் எடுக்கப்படுகிறதோ, அந்த அளவில் விவரத்தோடு போய் நிற்க வேண்டும். இரண்டுக்கும் இது பொருந்தும்.

உன் ஊரில் முடிவு எடுக்கப்படும் அந்த இடம் எது? கிராமத்தாருக்குக் கிராம சபை உண்டு. நகரத்தாருக்கு நெடுங்காலம் அப்படி எதுவும் இல்லை. 1993-ல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புத் திருத்தம், மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள் வாழும் நகரங்களுக்குத்தான் வார்டு குழுவைக் கட்டாயமாக்கியது. திருத்தணி போன்ற சிறு நகராட்சிகள் அந்தக் கணக்கில் வரவில்லை. எல்லா நகரங்களுக்கும் அப்படிச் சபை வேண்டும் என்று தன்னாட்சி, அறப்போர் இயக்கம் போன்ற அமைப்புகள் விடாமல் கேட்டன. 2022-ல் தமிழக அரசு அதற்கான விதிகளை வெளியிட்டது. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் கூடின. அந்தப் பகுதி வாக்காளர் எவரும் அதில் பேசலாம். நீங்கள் கொடுத்த மனு கோப்புக்குள் போயிருக்கும். சபையில் சொல்வது எல்லோர் காதிலும் விழுந்து தீர்மானமாகப் பதிவாகும்.

சபையின் வலிமைக்கு நம் திருவள்ளூர் மாவட்டத்துக் குத்தம்பாக்கமே சாட்சி. 1996-ல் அங்கே ஊராட்சித் தலைவரான இளங்கோ ஒரு பொறியாளர். மழைநீர்க் கால்வாய் கட்ட, மதிப்பீட்டில் இருந்த விலை கூடிய பொருளை விட்டுவிட்டு, அருகிலிருந்த கிரானைட் ஆலைகளில் கழிந்த கற்களைப் பயன்படுத்தினார். பணம் மிச்சமானது. ஆனால் விதியை மீறினார் என்று பதவியிலிருந்து நிறுத்திவைத்தார்கள். கிராம சபை திரண்டு அவர் பக்கம் நின்றது. பதவி திரும்பக் கிடைத்தது. தனியாளாக இருந்திருந்தால் அது அத்தனை எளிதில் நடந்திருக்காது.

இனி உங்கள் மன்றத்துக்கு வருகிறேன். மலையும் கோயிலும் அறநிலையத் துறையிடம், தெரு நகராட்சியிடம், பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையிடம். திருவிழாக் குப்பைக்கு இவர்கள் ஒருவரையொருவர் காட்டுவது எளிது. மூவரையும் ஒரே மேசையில் உட்காரவைக்க உங்களைப் போன்ற வெளியாட்களால்தான் முடியும். வெறுங்கையோடு போகாதீர்கள். எந்தச் சாக்கடை எந்த இடத்தில் அடைக்கிறது, கழிப்பறை எத்தனை, குப்பை வண்டி எந்த நேரத்தில் வந்தது என்று எழுதிவையுங்கள். அலுவலகம் தர மறுக்கும் கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நகராட்சி வேலை எதையும் ஒப்பந்தம் எடுக்காதீர்கள்; கூலி வாங்கும் இடத்தில் கணக்குக் கேட்க வாய் வராது.

இன்னொன்றை உன்னிடம் வெளிப்படையாகவே கேட்கிறேன். உங்கள் மன்றத்தில் யார் யார் இருக்கிறார்கள்? வாடகைக்குக் குடியிருப்பவர்கள், தெலுங்கு பேசும் குடும்பங்கள், படியோரத்தில் பூ விற்கும் பெண்கள், அந்தக் குப்பையைக் கையால் அள்ளும் தூய்மைப் பணியாளர்கள், இவர்களில் ஒருவராவது உண்டா? சொந்த வீட்டுக்காரர்கள் மட்டும் கூடிவிட்டு ஊரின் குரல் என்று சொல்லிக்கொள்ளும் சங்கங்கள் ஏராளம். தேர்தலில் ஜெயித்த கவுன்சிலர் ‘நீங்கள் யாருக்காகப் பேசுகிறீர்கள்’ என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. உங்களிடம் அதற்குப் பதில் இருக்க வேண்டும்.

அடுத்த பகுதி சபை என்றைக்கு என்று இந்த வாரமே கவுன்சிலரிடம் கேள். கூட்டவில்லை என்றால், கூட்டச் சொல்லி எழுதிக் கொடு. தூய்மைப் பணியாளர் ஒருவரையாவது உடன் அழைத்துப் போய், அவரை முதலில் பேசவிடு. நீங்கள் சொன்னது தீர்மானத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்