வால்வு மாற்றிய பின் மாடிப்படி

கேள்வி: வயது 52. மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு மெக்கானிக்கல் வால்வு வைத்து நான்கு மாதம் ஆகிறது. இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. பழையபடி சைக்கிள் ஓட்டவும் ஷட்டில் ஆடவும் எப்போது முடியும்?

நான்காம் மாதத்தில் மாடிப்படியில் மூச்சு வாங்குவது பெரும்பாலும் புதிய வால்வின் குற்றமன்று. பழைய வால்வு கெட்டிருந்த காலத்திலேயே உழைப்புக் குறைந்து, அறுவைக்குப் பிந்தைய படுக்கையும் சேர்ந்துகொள்வதால் கால் தசைகள் தளர்ந்துபோகின்றன, அவை முழுவதும் தேற ஓராண்டுகூட ஆகலாம். ஆனால் மூச்சுத்திணறல் நாளுக்கு நாள் கூடினாலோ, கால் வீங்கினாலோ, வால்வின் 'டிக் டிக்' ஒலி திடீரென மங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அறுத்துக் கம்பியால் கட்டப்பட்ட நெஞ்செலும்பு ஏறத்தாழ மூன்று மாதத்தில் உறுதிப்பட்டுவிடும் என்பதால், எக்கோ பரிசோதனை திருப்தியாக இருப்பின், சமதரையில் சைக்கிளை இப்போதே தொடங்கலாம். ஷட்டிலைச் சில வாரம் கழித்து, புள்ளிக் கணக்கின்றி ஆடுவது நலம். வேகத்தை அளக்கக் கைக்கடிகாரத்தை நம்ப வேண்டியதில்லை. இதயத்துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை உட்கொள்பவரிடம் நாடித்துடிப்பு உழைப்புக்கு ஏற்ப உயராது. உடற்பயிற்சியின்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது என்பதே நம்பத்தக்க அளவுகோல். சங்கீதம் அறியாதவருக்கும் இது பொருந்தும். எடை தூக்குகையில் மூச்சை அடக்கலாகாது.

உறைவெதிர்ப்பு மருந்தான வார்ஃபரின் உட்கொள்ளும்வரை, அதாவது வாழ்நாள் முழுவதும், கபடி போன்ற மோதல் ஆட்டங்கள் வேண்டா. சைக்கிளில் ஹெல்மெட் கட்டாயம்.