தனுஷ்கோடியில் கடல் மட்டும் அசையட்டும்

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய வால்பேப்பர்கள் வந்தன. உடனே என் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். யாரோ எடுத்த சுவிட்சர்லாந்து ஏரியை இறக்கி வைத்துக்கொள்ளாமல், நீயே போய் வந்து எடுத்த படத்தை அசைய வைக்கத் தோன்றியதே, அதில் எனக்கு நிரம்ப சந்தோஷம். ஆனாலும் ஏதோ இடிக்கிறது, என்னவென்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். என் மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் தனுஷ்கோடியின் அந்த இடிந்த தேவாலயம். மவுஸை நகர்த்தினால் படம் ஆழமாகத் தெரிகிற எஃபெக்டை அதன்மேல் போட்டிருக்கிறாய். பவளக்கல் சுவர் ரப்பர் மாதிரி இழுபடுகிறது. ஜன்னல் வளைவின் ஓரத்தில் வானம் கோடு கோடாகிவிடுகிறது. சுவருக்குப் பின்னால் மறைந்திருப்பது உன் படத்தில் இல்லையே. மென்பொருள் பக்கத்திலிருக்கும் நிறத்தை இழுத்து அந்த இடத்தை நிரப்புகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 1964 டிசம்பர் புயலில் ஊரே போய், மிஞ்சி நிற்கிற சுவர் அது. அதைப் போய் ஆட்டலாமா? அந்த எஃபெக்டை எடுத்துவிடு.

நீ அங்கே நின்றபோது எது அசைந்ததோ, அது மட்டும் அசைந்தால் போதும். கெவின் பர்க், ஜேமி பெக் என்ற இருவர் 2011 வாக்கில் ‘சினிமாகிராஃப்’ என்று பெயரிட்டுச் செய்து காட்டியது இதைத்தான். படம் முழுக்க உறைந்திருக்கும், ஒரு சின்னப் பகுதியில் மட்டும் உயிர் இருக்கும். கண் தானாக அங்கே போய் நிற்கும்.

உன் படங்களில் இதற்கு வாகானது அரிச்சல்முனைக்குப் போகும் சாலைப் படம்தான். தென்கிழக்கு நோக்கி நின்று எடுத்திருக்கிறாய். இடப்பக்கம் வங்கக்கடல், வலப்பக்கம் மன்னார் வளைகுடா. அங்குள்ளவர்கள் ஒன்றைப் பெண் கடல் என்றும் மற்றதை ஆண் கடல் என்றும் சொல்வதைக் கேட்டிருப்பாய். நீ போனது ஆனி மாதம், தென்மேற்குக் காற்றுக் காலம். இடப்பக்கம் குளம்போலக் கிடந்திருக்கும், வலப்பக்கம் அலை அடித்திருக்கும். நீயோ இரண்டு கடலுக்கும் ஒரே எஃபெக்டை ஒரே வேகத்தில் போட்டிருக்கிறாய். உன்னை இடிப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

நீ வைத்திருக்கும் வால்பேப்பர் என்ஜினிலேயே இதைச் சரிசெய்யலாம். கடல் இரண்டுக்கும் தனித்தனியாக மாஸ்க் வரைந்துகொள். இடப்பக்கத்துக்கு மெல்லிய சிற்றலை போதும். வலப்பக்கத்துக்கு நீரோட்ட எஃபெக்டைப் போட்டு, பிரஷ்ஷால் திசை வரையும்போது கரையை நோக்கி வரை. மேகத்தையும் மாற்ற வேண்டும். அது இப்போது இடமிருந்து வலமாக ஓடுகிறது. தென்மேற்குக் காற்று உன் வலத்தோள் பக்கமிருந்து அடித்திருக்கும், ஆகவே வலமிருந்து இடமாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத வேகத்தில் போகட்டும். மாஸ்க் ஓரத்தை மட்டும் அவசரப்படாமல் செய். மணலும் நீரும் சேரும் கோட்டில் பிரஷ்ஷைச் சின்னதாக்கி, படத்தைப் பெரிதாக்கி வைத்து வரை. அந்த இடத்தில் மணல் நெளிந்தால் எல்லாம் கெட்டது.

சில்லறை விஷயங்கள் இன்னும் உண்டு. போன் படம் பெரும்பாலும் 4:3, உன் திரை 16:9. அதனால் மேலேயோ கீழேயோ வெட்டித்தான் ஆக வேண்டும். வானத்தை வெட்டு, சாலையை விட்டுவை. ஜிஃப் ஆக்காதே. அதில் 256 நிறம்தான், வானம் பட்டை பட்டையாகத் தெரியும். வீடியோவாகவே வைத்துக்கொள். அது லைவ்லியிலும் ஓடும், அந்த மென்பொருளுக்குக் காசும் கிடையாது. லேப்டாப் பேட்டரியில் ஓடும்போதும், வேறு ஜன்னல் திரையை அடைத்திருக்கும்போதும் அசைவு நிற்கும்படி செட்டிங்கில் வைத்துவிடு.

உண்மையில் எஃபெக்டைவிட நல்லது நிஜமான அலை. படம் எடுத்த கையோடு போனை ஏதாவது கல்மேல் அசையாமல் சாய்த்து வைத்து அரை நிமிஷம் வீடியோ எடுத்துவிட்டால் போதும். அதில் ஒரு ஃபிரேமை மேல் லேயராக வைத்து, கடல் இருக்கும் இடத்தை மட்டும் வெட்டித் திறந்துவிட்டால் கீழே அலை ஓடும். முடிவையும் தொடக்கத்தையும் ஒரு வினாடி ஒன்றன்மேல் ஒன்று கரையவிட்டால் லூப்பில் ஒட்டுப் போட்டது தெரியாது. பின்னோக்கி ஓட்டி லூப் ஆக்குகிறவர்களும் இருக்கிறார்கள். கரைக்கு வந்த நுரை கடலுக்குள் சுருண்டு போவதைப் பார்க்கச் சகிக்காது.

மார்கழியில் மறுபடி போகிறோம் என்று உன் அம்மா சொன்னாள். அது வடகிழக்குக் காற்றுக் காலம், இடப்பக்கக் கடல்தான் கொந்தளிக்கும். அதே இடத்தில் அதே திசை பார்த்து நின்று எடு. தண்ணீரில் மட்டும் இறங்காதே, அங்கே நீரோட்டம் பொல்லாதது. அந்த அரை நிமிஷ வீடியோவை வெட்டாமல் கொள்ளாமல் அப்படியே எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா